பேஸுக்கு ஃபிளாஞ்சர் எடுக்கிறதெண்டா முதல்ல ஈ கம்பியை அடிச்சுப் பாருங்க

கல்லடி_நாலுகம்பி

நாலு கம்பி பாசிவ் (உள்ளுக்குப் பற்றரி இல்லாத) பேஸ் கிற்றார். வீட்டு அம்ப் 10 அங்குல ஸ்பீக்கர். ஃபிளாஞ்சர் ஒண்டு எடுக்க வேணும். கைக்கு வந்த ரெண்டு மூண்டு பெடலும் வீட்டில நல்லாத்தான் கேக்குது. மண்டபத்தில சப் (அடிச்சத்தத்துக்கான பெரிய ஸ்பீக்கர்) போட்டதும் பேஸ் வந்து வந்து போகுது. பெடலில பிழையா, வேற எடுக்கணுமா? பாவிச்ச ஆக்கள் சொல்லுங்க.

மட்டுநகர்_அடிச்சத்தம்

பெடல் பழுதில்லை தம்பி, கணக்கே அப்படித்தான். ஃபிளாஞ்சர் செய்யிறது இவ்வளவுதான்: வார சத்தத்தைச் சில மில்லிசெக்கன் பிந்தவிட்டு நேர்ச் சத்தத்தோட கலக்குது. அந்தப் பிந்துற நேரம் மெதுவாக் கூடிக் குறைஞ்சுகொண்டே இருக்கும், அதுதான் சுத்து. பிந்துற நேரத்தை ரெண்டால பெருக்கி, அதால 1ஐ வகுத்தா முதல் பள்ளம் (ரெண்டு சத்தமும் ஒண்டையொண்டு அழிக்கிற இடம்) எங்க விழும் எண்டு தெரியும். 1 மில்லிசெக்கனுக்கு 500 ஹேர்ட்ஸ். மறுகா 1500, 2500 எண்டு சீப்புப் பல்லு மாதிரி மேல போகும். அந்த இடத்தில பள்ளம் விழுந்தா பேஸுக்கு ஒரு கேடும் இல்லை, அழகுதான்.

5 மில்லிசெக்கனில முதல் பள்ளம் 100க்கு இறங்கிடும். திறந்த ஜி கம்பி 98 ஹேர்ட்ஸ். 12 மில்லிசெக்கனுக்குப் போனா 41.7. திறந்த ஈ கம்பி 41.2. அந்த நேரம் பள்ளம் 41, 125, 208 எண்டு விழுறதால ஈக்குள்ள கலந்திருக்கிற 1ம், 3ம், 5ம் ஹார்மோனிக் (அடிச்சுரத்தின் மடங்குகள்) துடைபட்டுப் போக, 82, 165 எண்டு இரட்டைப்படை மட்டும் மிஞ்சும். ஈ அடிக்கிறீங்க, ஒரு ஓக்டேவ் மேல கேக்குது! "பேஸ் வந்து வந்து போகுது" எண்டு நீங்க சொல்றது இதைத்தான். வீட்டில தெரியாததுக்குக் காரணம், 10 அங்குல ஸ்பீக்கர் 41 ஹேர்ட்ஸை முதலே பெரிசா எடுக்கிறதில்லை. இல்லாத சாமான் களவு போனா ஆருக்குத் தெரியும்? 18 அங்குல சப் வச்ச இடத்திலதான் களவு பிடிபடும்.

ஆனபடியா வாங்க முதல் இதைச் செய்யுங்க. நல்ல ஹெட்போன், இல்லாட்டி சப் உள்ள சிஸ்டம் ஒண்டு வேணும். ரேட் (சுத்தின் வேகம்) ஆகக் குறைய, டெப்த் (சுத்தின் அகலம்) முழுசா, ரெசனன்ஸ் (எஃபெக்ட் சத்தத்தைத் திரும்ப உள்ளுக்கு விடுறது) பூச்சியம். திறந்த ஈயை அடிச்சு, சத்தம் சாகும்வரை விடுங்க. திரும்ப அடிங்க. மறுகா ஏ கம்பி. சுத்து கீழ இறங்கேக்க அடி காலியாகுதெண்டா பிந்துற நேரத்தை வைக்கிற மனுவல் நொப்பைக் கொஞ்சம் கொஞ்சமாத் திருகுங்க. பிந்துற நேரம் குறையிற பக்கம் திருகினா பள்ளம் மேல ஏறும். பிறகு டெப்த்தைக் குறைங்க. ஈ நிண்டு பிடிக்கிற இடம் ஒண்டு வந்தா அந்தப் பெடல் பேஸுக்கு உதவும். வராட்டி எந்தப் பேர் எழுதியிருந்தாலும் வேண்டாம்.

மனுவல் நொப் இல்லாத பெடலில இந்த வழி அடைபட்டுப் போகுது. எம்எக்ஸ்ஆர் எம்152 இல ஸ்பீட் (ரேட்), ரீஜென் (ரெசனன்ஸ்) ரெண்டு நொப் மட்டும்தான். கம்பனி வச்ச இடம் உங்களுக்குச் சரிவந்தா அதிர்ஷ்டம். அதே கம்பனியின் எம்117ஆர் இல மனுவல், விட்த் (டெப்த்), ஸ்பீட், ரீஜென் நாலும் இருக்கு. ஆனா அதுக்கு 18 வோல்ட் அடப்டர், அதையும் விலையோட சேர்த்துக் கணக்குப் பாருங்க.

இன்னொரு வகை பேஸுக்குச் சத்துரு. பிந்தின சத்தத்தைத் தலைகீழாக்கிக் கலக்கிற பெடல். அதில முதல் பள்ளமே பூச்சியம் ஹேர்ட்ஸில. 1 மில்லிசெக்கனில நிண்டாலும் ஈ கம்பி கிட்டத்தட்ட 12 டெசிபெல் இறங்கிடும். மனுவலை எங்க திருகினாலும் மெலிவு போகாட்டி அந்த வகை எண்டு எடுங்க.

கல்முனை_சவுண்ட்

மேல சொன்னது சரி. மிக்சர் பக்கத்தால வாறன்.

பெடலை மாத்தாமலே பாதி சரியாக்கலாம். பேஸில இருந்து டிஐ பொக்ஸுக்கு (கிற்றார் சிக்னலை மிக்சருக்கு ஏத்த மாதிரி மாத்துற பெட்டி) போய், அதின்ட துரூ வாயில (வந்த சிக்னலை அப்படியே வெளியில விடுறது) இருந்து பெடல், அதில இருந்து அம்ப். டிஐ நேர மிக்சருக்கு ஒரு சனல். அம்புக்கு மைக், இல்லாட்டி பெடலுக்குப் பின்னால இன்னொரு டிஐ, அது ரெண்டாவது சனல். ரெண்டாவது சனலில லோ கட் பட்டனை (அடிச்சத்தத்தை வெட்டுறது) அமத்துங்க. சின்ன மிக்சரில 80, 100 ஹேர்ட்ஸ் எண்டு இருக்கும். சப்புக்கு முதல் சனல் மட்டும் போகட்டும். இப்ப ஃபிளாஞ்சர் என்ன கூத்தாடினாலும் அடி அசையாது.

இதில ரெண்டு இடத்தில சறுக்கும். லோ கட் அந்தச் சுத்துவட்டாரத்தில ஃபேஸை (அலை ஏறி இறங்கிற ஒழுங்கை) திருப்பும், சில பெடல் மொத்தச் சத்தத்தையும் தலைகீழாவே வெளியில விடும். ரெண்டு சனலையும் ஒண்டாத் தூக்கேக்க சத்தம் கூடவேணும், மெலியுதெண்டா ரெண்டாவதின்ட ஃபேஸ் பட்டனை அமத்திப் பாருங்க. எந்தப் பக்கம் கொழுத்துக் கேக்குதோ அதுதான் சரி. மற்றது, ஸ்டீரியோ பெடலின் ரெண்டு வாயையும் ஒரே மோனோ சிஸ்டத்துக்குக் குடுக்காதீங்க. பல பெடலில ரெண்டாவது வாயில எஃபெக்ட் தலைகீழா வரும். ரெண்டும் சேர்ந்தா ஒண்டையொண்டு தின்னும், "பெடல் வேலை செய்யுதில்லை" எண்டு பழி வரும். மோனோ வாய் ஒண்டு காணும்.

அக்கரைப்பற்று_ஈயம்

கல்முனைக் காக்கா சொன்ன வயரிங்குக்கு எல்லா மேடையிலயும் சனல் மிஞ்சாது. மிக்ஸ் நொப் உள்ள பெடலெண்டா அதுவே பாதி மருந்து. நேர்ச் சத்தம் முழுசா, எஃபெக்ட் அதில அரைவாசி எண்டு வச்சா பள்ளம் 6 டெசிபெலுக்கு மேல இறங்காது. முழுசாக் காணாமப் போற இடத்தில பாதியா நிக்கும்.

சோல்டர் பிடிக்கத் தெரிஞ்ச ஆக்களுக்கு: அனலொக் பெடலில எஃபெக்ட் பாதை, நேர்ப் பாதையோட கலக்கிற இடத்தில ஒரு கப்பாசிற்றரும் ரெசிஸ்ரரும் இருக்கும். ரெசிஸ்ரர் 100 கிலோ ஓம் எண்டா கப்பாசிற்றரை 10 நானோஃபரட் ஆக்குங்க, எஃபெக்ட் 159 ஹேர்ட்ஸுக்குக் கீழ சாயத் தொடங்கும். 47 கிலோ ஓமுக்கு 22 நானோஃபரட் போட்டா 154. எஃபெக்ட் பாதையில மட்டும். நேர்ப் பாதையில கை வச்சா பேஸ் பேஸா இராது.

இப்ப கரண்ட். பெடல் சாகிறது அனேகமா இதாலதான். பெரும்பாலான பெடலுக்கு 9 வோல்ட், நடு முனை மைனஸ். மேடையில கிடக்கிற யமஹா கீபோர்ட் அடப்டர் 12 வோல்ட், நடு முனை பிளஸ். பின் ரெண்டுக்கும் பொருந்தும், அதுதான் வில்லங்கம். செருகினதும் உள்ளுக்கு இருக்கிற பாதுகாப்பு டயோட் ஷோட் ஆகிப் பெடல் செத்த மாதிரிக் கிடக்கும். நல்ல காலமெண்டா அந்த ஒரு டயோட்டை மாத்த உயிர் வரும். அடப்டரில வெள்ளை டேப் சுத்தி "9 மைனஸ்" எண்டு எழுதிடுங்க.

ஒரே அடப்டரில டிஜிட்டல் பெடலையும் அனலொக் ஃபிளாஞ்சரையும் சங்கிலியாக் கொழுவினா நுளம்பு மாதிரி ஒரு கீச்சுச் சத்தம் சுத்தோட ஏறி இறங்கும். டிஜிட்டலின் கடிகாரமும் ஃபிளாஞ்சரின் கடிகாரமும் (உள்ளுக்குச் சிப்பை ஓட்டுற துடிப்பு) மோதுற சத்தம் அது. ஃபிளாஞ்சரை மட்டும் 9 வோல்ட் பற்றரியில விட்டுப் பாருங்க, நிண்டா காரணம் அதுதான்.

வாழைச்சேனை_தாளம்

பேர் சொல்லிக் கேட்டா: பொஸ் பிஎஃப்-3 இல கிற்றாருக்கு ஒண்டு, பேஸுக்கு ஒண்டு எண்டு ரெண்டு வாய் இருக்கு. பேஸ் வாயில செருகாமக் கிற்றார் வாயில செருகிட்டுக் குறை சொல்ற ஆக்கள் கனபேர். டிசி எலெக்ரோனிக் வோர்டெக்ஸ் நாலு நொப், டிலே டைமும் அதில ஒண்டு, அதாலதான் சொல்றன். ஃபிளாஞ்சர் வேணுமா எண்டே முடிவில்லாட்டி ஸூம் எம்எஸ்-60பி மாதிரி பேஸுக்கு வந்த மல்ரி (பல எஃபெக்ட் உள்ள பெடல்) ஒண்டில முதல் பழகுங்க.

ரேட்டைப் பாட்டோட கட்டுங்க. நிமிசத்துக்கு 96 அடி, நாலு அடித் தாளம் எண்டா ஒரு கட்டு 2.5 செக்கன், நாலு கட்டு 10 செக்கன். போனில ஸ்டொப்வோச் வச்சு, ஒரு சுத்து மேல போய்க் கீழ வர 10 செக்கன் எடுக்கிற மாதிரி ரேட்டை வைங்க. சரணம் தொடங்கேக்க சுத்து அடியில நிக்காம இருந்தாக் காணும். ரெசனன்ஸ் நொப்பின் கோடு கடிகார முள்ளு மாதிரி 9 மணியில, கூடினா 10 மணியில நிக்கட்டும். அதுக்கு மேல போனா ஒரு ஃப்ரெட்டில குத்துற சுரம் பக்கத்து ஃப்ரெட்டில செத்துக் கிடக்கும்.

மட்டக்களப்பு கஃப்ரிஞ்ஞா, பைலா வேகத்துக்கு இதைத் தொடாதீங்க. கட்டு முடியிற நேரத்துக்குச் சுத்து பாதிகூடப் போயிராது. நீட்டி நிக்கிற சுரத்துக்குத்தான் ஃபிளாஞ்சர். பழைய கம்பி, ஃபிளட்வவுண்ட் (தட்டையாச் சுத்தின, மங்கின சத்தம் தாற) கம்பியிலயும் பெரிசா ஒண்டும் கேக்காது. சீப்புக்குச் சீவ முடி வேணுமே! ரவுண்ட்வவுண்ட் (உருண்டையாச் சுத்தின) கம்பி, டோன் நொப் திறந்து, ஓவர்டிரைவ் இருந்தா அதுக்குப் பிறகு ஃபிளாஞ்சர்.

கல்லடி_நாலுகம்பி

எல்லாருக்கும் நன்றி அண்ணாமார். பாவிச்ச பொஸ் பிஎஃப்-2 ஒண்டு விலைக்கு வந்திருக்கு. என்ன பாக்கிறது?

அக்கரைப்பற்று_ஈயம்

1980 இல வெளிவந்த மொடல், மனுவல் இருக்கு, மனுவலும் டெப்தும் பிடிச்சா பேஸுக்குச் சரிவரும். கம்பியை அடிக்காம அமத்திப் பிடிச்சுக்கொண்டு வொலியூமைத் தூக்குங்க. சுத்துக்கு ஒருக்கா "டிக்" எண்டா எல்எஃப்ஓ (சுத்தை ஓட்டுற சேர்க்கிட்) கசியுது, விலையில குறைங்க. நாலு நொப்பையும் மெதுவாத் திருகுங்க, கரகரப்பு வந்தா உப்புக் காத்து குடிச்சிருக்கு. கல்லடிக் கடக்கரையில இருந்த சாமானெண்டாச் சொல்லத் தேவையில்லை. அது கொன்டாக்ட் கிளீனருக்குப் போகும். மிதிக்கிற மூடியைத் திறந்து பற்றரிப் பெட்டியில பச்சை பிடிச்சிருக்கா எண்டு பாருங்க. மறுகா ஈயைப் பலமா அடிங்க. வெடிச்சுக் கேட்டா உடனே வேண்டாமெண்டு சொல்லாம பேஸின் வொலியூமை முக்கால்வாசியாக் குறைச்சுத் திரும்ப அடிங்க. டிலே சிப் தாங்கிற அளவு சின்னது, அக்டிவ் (உள்ளுக்குப் பற்றரி உள்ள) பேஸெண்டா நல்ல பெடலும் வெடிக்கும். குறைச்ச பிறகும் வெடிச்சா விட்டுட்டு வாங்க.