இலவச ஒளிபரப்பில் கிரிக்கெட் பார்க்க வழி கேட்டு

அன்பர்களுக்கு வணக்கம். திருவல்லிக்கேணியில் பழைய அடுக்ககம் ஒன்றில் வசிக்கிறோம். சேப்பாக்கத்தில் விக்கெட் விழுந்தால் எழும் ஆரவாரம் எங்கள் மொட்டைமாடி வரை கேட்கும். ஆனால் எழுபத்தெட்டு வயதான என் அப்பாவால் அந்த ஆட்டத்தை வீட்டுத் தொலைக்காட்சியில் பார்க்க முடிவதில்லை. கட்டண விளையாட்டு அலைவரிசைகளுக்கு மாதந்தோறும் தனியாகப் பணம் கட்ட அவருடைய ஓய்வூதியம் இடம் தராது.

தேச முக்கியத்துவம் உள்ளவையாக அறிவிக்கப்படும் ஆட்டங்களின் நேரலையை, ஒளிபரப்பு உரிமை பெற்ற அலைவரிசைகள் தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதியுடன் பகிர வேண்டும் என்று 2007ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. ஆயினும், அந்த நேரலையைத் தூர்தர்ஷன் தன் தரைவழி ஒளிபரப்பிலும், செயற்கைக்கோளிலிருந்து வீட்டு டிஷ்ஷுக்கு நேரடியாக வரும் தன் இலவசச் சேவையான ஃப்ரீ டிஷ்ஷிலும் மட்டுமே காட்டலாம், கேபிள்காரர்கள் வழியாகத் தரக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2017இல் தீர்ப்பளித்துவிட்டதால், கேபிளில் வரும் தூர்தர்ஷனில் அந்நேரம் வேறு நிகழ்ச்சிதான் ஓடுகிறது. கேபிள் மட்டுமே உள்ள வீட்டு முதியவர்களுக்கு இது பெரிய இழப்பு என்றே நான் கருதுகிறேன்.

ஆகவே, மாதக் கட்டணம் இல்லாத ஃப்ரீ டிஷ் பொருத்த எண்ணியுள்ளேன். அதன் ஜிசாட்-15 செயற்கைக்கோள் சென்னையிலிருந்து தென்கிழக்குத் திசையில் இருக்கிறது. எங்கள் மாடியின் அந்தப் பக்கத்திலேயே உயரமான கட்டடம் ஒன்று நிற்கிறது. இப்படி நெருக்கமான தெருவில் பொருத்தியவர்கள் யாரேனும் இருக்கிறீர்களா? சிக்னல் தடையின்றி வருகிறதா? ஒரே டிஷ்ஷிலிருந்து இரண்டு வீடுகளுக்கு இணைப்பு எடுக்க முடியுமா? நம்பகமான பணியாளரைத் தெரிந்தவர்கள் தனிச்செய்தியில் தெரிவித்தால் நன்றியுடையவனாக இருப்பேன்.