பிளம்ஸ் கிரிஸ்ப் (பழத்து மேல வெண்ணெய் மாவை உதிர்த்துப் போட்டுச் சுடற இனிப்பு): அடியில ரசமாட்டம் தண்ணி, மேல நமத்துப் போகுது. என்ன பண்றதுங்க?

ஈரோட்டு அடுப்படி:
ஊட்டி பிளம்ஸ் 800 கிராம், கொட்டை நீக்கி நாலா நறுக்கினது. சர்க்கரை 100 கிராம், சோளமாவு 1 டேபிள்ஸ்பூன். மேல்மாவுக்கு மைதா 100, ஓட்ஸ் 60, நாட்டுச்சர்க்கரை 80, ஊத்துக்குளி வெண்ணெய் 100 கிராம். ஓடிஜியில (கரண்ட்டுல ஓடற சின்ன அவன்) 180 டிகிரி, 30 நிமிஷம். மேல நல்லாச் செவந்துருது. ஆனா கரண்டி போட்டா பழத்தை ஒட்டின பக்கம் மாவு கொழகொழன்னு இருக்குது, அடியில தண்ணி நிக்குது. மைதாவைக் கூட்டலாமுங்களா?

கோபி பேக்கர்:
வேண்டாமுங்க. மைதாவைக் கூட்டினா பச்சை மாவு வாசம்தான் மிஞ்சும். உங்களுது நேரக் கோளாறு. 30 நிமிஷத்துல மேல நிறம் வந்துரும், நடுவுல இருக்கற பழம் கொதிச்சிருக்காது. கொதி வராம சோளமாவு கெட்டிப்படாதுங்க. ஓரத்துல கொப்புளிக்கறதைப் பார்த்து ஏமாந்துராதீங்க. நடுவுலயும் கொப்புளம் கிளம்பி, தடிச்சு, மெதுவா உடையோணும். அதுக்கு 45, 50 நிமிஷம் ஆகும். அதுக்குள்ள மேல கருகற மாதிரி தெரிஞ்சா ஃபாயிலை லூசா மேல போட்டு வைங்க, இறுக்கி மூடக்கூடாது. 800 கிராம் பிளம்ஸுக்கு சோளமாவு 2 டேபிள்ஸ்பூன் வேணும். முதல்ல சர்க்கரையோட கலந்துக்கிட்டு அப்புறம் பழத்துல பிசறுனா கட்டி தட்டாது.

வெளிய எடுத்ததும் அரை மணி நேரம் ஆறட்டும். சூட்டுல தண்ணியாட்டத்தான் தெரியும், ஆறினாத்தான் இறுகும். ஆறும்போது தட்டு போட்டு மூடினா ஆவி பூராவும் மாவு மேலயே இறங்கிரும்.

வெண்ணெய்க்காரர்:
நேரம் பாதிதானுங்க, மீதி வெண்ணெய்ல இருக்குது. ஊத்துக்குளி வெண்ணெய் வாசத்துக்கு ஈடே இல்லை. ஆனா கடைஞ்சு எடுத்த வெண்ணெய்ல மோர்த்தண்ணி தங்கியிருக்கும். ஐஸ் தண்ணியில அலசி, துணியில வெச்சு நல்லாப் பிழிஞ்சு, அதுக்கப்புறம் 100 கிராம் நிறுங்க. சின்னத் துண்டாக்கி ஃப்ரீசர்ல 20 நிமிஷம் வெச்சுட்டு, விரல் நுனியில மட்டும் மாவோட உதிர்க்கோணும். கடலைப்பருப்பு அளவுக் கட்டிக அங்கங்க கிடக்கட்டும். நம்மூரு வெயிலுக்கு உள்ளங்கை பட்டாலே உருகி, மாவு களியாயிரும். உப்பில்லாத வெண்ணெய்ங்கறதால கால் டீஸ்பூன் உப்பு சேருங்க.

நாட்டுச்சர்க்கரை ஈரத்தை இழுக்கும். 40 கிராம் அது, 40 கிராம் வெள்ளைச் சர்க்கரைன்னு பிரிச்சுக்குங்க. ஓட்ஸ் எந்த வகை?

ஈரோட்டு அடுப்படி:
பாக்கெட்ல குயிக் குக்கிங்னு போட்டிருக்குதுங்க. பாத்திரம், அலுமினிய கேக் டின்.

வெண்ணெய்க்காரர்:
அந்த ஓட்ஸ் மெல்லிசுங்க, ஈரம் பட்டதும் கூழாயிரும். தடிப்பா இருக்கற ரோல்டு ஓட்ஸ் வாங்குங்க.

சேலத்து மருமக:
அலுமினியத்துல பிளம்ஸ் வேண்டாமுங்க அக்கா. புளிப்புக்கு உலோக வாடை ஏறும். 20 செ.மீ. சதுரக் கண்ணாடி இல்லைன்னா பீங்கான் தட்டு எடுங்க. ஃப்ரிட்ஜ்ல இருந்த கண்ணாடியை அப்படியே சூட்டுக்குள்ள தள்ளாதீங்க, வெடிச்சிரும்.

சோளமாவுக்குப் பதிலா ஜவ்வரிசியை மிக்ஸியில நைசாப் பொடிச்சு 2 டேபிள்ஸ்பூன் போட்டுப் பாருங்க. புளிப்புள்ள பழத்துக்கு அது சோளமாவை விடத் தாங்கும், சாறும் கண்ணாடியாட்டம் தெளிஞ்சு நிக்கும். பழத்துல பிசறி 15 நிமிஷம் ஊறினாத்தான் உள்ள வெந்து கரையும். பழத்தை மட்டும் முதல்ல 15 நிமிஷம் சுட்டு, அப்புறம் மேல்மாவைத் தூவி 30, 35 நிமிஷம் வைங்க. மாவை அழுத்திவிட வேண்டாம்.

கோபி பேக்கர்:
முன்னாடியே பழத்தைச் சுடறது பிளம்ஸுக்குச் சரிதானுங்க. ஆப்பிளுக்கோ பேரிக்காய்க்கோ அவ்வளவு தேவைப்படாது.

ஈரோட்டு அடுப்படி:
மிஞ்சினதை மறுநா சூடு பண்ணலாமுங்களா?

சேலத்து மருமக:
மைக்ரோவேவ்ல வெச்சா மறுபடி நமத்துரும். தட்டு முதல்ல ஃப்ரிட்ஜ் குளிர்ச்சி விடட்டும், அப்புறம் ஓடிஜியில மூடாம 160 டிகிரி, 12 நிமிஷம்.