.44 மேக்னம் லீவர் கார்பைன்: கையில் எடுத்துப் பார்த்தபோது

ஒஹாயோவில் ஓர் அடகுக்கடை. மார்லின் 1894 (லீவரை இழுத்துத் தோட்டா ஏற்றும் குட்டை ரைஃபிள், அதாவது கார்பைன்), .44 மேக்னம் தோட்டா, 20 அங்குலக் குழல். குழலின் இடப்பக்கம், ரிசீவரை (துப்பாக்கியின் உடல்பகுதி) ஒட்டி, ஜேஎம் முத்திரை, பழைய மார்லின் ஆலையின் அடையாளம். சீரியல் எண் 20-ல் தொடங்குகிறது. அக்கால மார்லின்களில் அந்த முதல் இரண்டு இலக்கத்தை 100-லிருந்து கழித்தால் ஆண்டு வரும்: 80, ஆக 1980-ல் நார்த் ஹேவன் ஆலையில் செய்தது. கட்டையில் கீறல் இல்லை, நீலப்பூச்சும் அப்படியே. துப்பாக்கி காலிதானா என்று பார்த்துவிட்டு, லீவரைத் திறந்து கீழிருந்து டார்ச் அடித்தால், கேரியரில் (தோட்டாவைக் குழலுக்கு நேரே தூக்கும் தகடு) லீவர் உரசும் இடத்தில் ஒரு பள்ளம். நகத்தை வைத்து இழுத்தால் நகம் அங்கே மாட்டி நிற்கிறது. வேறு எந்தக் குறையும் இல்லாத துப்பாக்கி. அந்தப் பள்ளம்தான் கண்ணை விட்டுப் போகவில்லை. ரேக்கிலேயே திரும்ப வைத்தாயிற்று.

✱

மார்லினை அந்தப் பள்ளத்துக்காகவா விட்டுட்டு வந்தீங்க? அதுதான் எல்லாரும் சொல்ற மார்லின் ஜாம். லீவரின் மூக்கில் கூர்மையான விளிம்பு இருக்கும். அது நாள்பட நாள்பட கேரியரை அரிக்கும். கேரியர் சரியான உயரத்தில் நிக்காம போனா, குழலுக்கு அடியில் தோட்டாக்கள் வரிசையா இருக்கும் மேகசின் டியூபில் இருந்து இரண்டாவது தோட்டா பாதி வெளியே நழுவி, கேரியருக்கு அடியில் சிக்கிக்கும். லீவர் மேலேயும் போகாது, கீழேயும் வராது. அந்த நேரத்தில் பலம் கொடுத்து இழுக்கவே கூடாது. குழல் முனையை ஆள் இல்லாத பக்கம் திருப்பி வெச்சுட்டு, லீவர் ஸ்க்ரூவைக் கழட்டி லீவரை எடுங்க, அப்புறம் போல்ட்டை (குழலின் பின்பக்கத்தை மூடும் உருளை) பின்னால உருவுங்க, எஜெக்டரையும் (காலிக் கேஸை வெளியே தள்ளும் பாகம்) எடுத்துடுங்க. சிக்கின தோட்டா கைக்கு வந்துடும். நிரந்தரத் தீர்வு வேணும்னா அந்தக் கூர்விளிம்பை நைஸ் கல்லில் லேசா மழுக்கணும். விளிம்பு மட்டும்தான், மூக்கின் வளைவைத் தொட்டா டைமிங், அதாவது பாகங்கள் ஒன்றுக்கொன்று ஒத்து நகரும் நேரம், கெட்டுடும். கேரியர் ரொம்பத் தேய்ஞ்சிருந்தா புதுசு போட்டு, ஒரு கன்ஸ்மித்கிட்ட பொருத்திக்கணும். விலையைக் குறைச்சுக் கேட்க இதைவிட நல்ல காரணம் கிடைக்காது.

✱

நான் பார்த்தது வேறு லீவர் கார்பைன்: ராஸ்ஸி 92, .454 கசுல் தோட்டா. பிரேசிலில் செய்தது, பிரௌனிங்கின் 1892 வடிவமைப்பு, இரண்டு செங்குத்துப் பூட்டுகள். .44 மேக்னத்துக்கு அழுத்த வரம்பு 36,000 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு பவுண்ட்), கசுலுக்கு 65,000. அதை இவ்வளவு லேசான கார்பைனில் சுட்டால் தோள் சொல்லும். ஆனால் மறக்க முடியாதது லோடிங் கேட், பக்கவாட்டில் தோட்டாவை உள்ளே தள்ளும் சிறு கதவு. ஸ்பிரிங் அவ்வளவு முரடு, விளிம்பு அவ்வளவு கூர். நான்காவது தோட்டாவைத் தள்ளும்போது கட்டைவிரலில் ரத்தம். இதில் .45 கோல்ட்டும் சுடலாம். ஆனால் அதன் கேஸ் (தோட்டாவின் உலோக உறை) குட்டை என்பதால் சேம்பரில் (தோட்டா உட்காரும் அறை) ஒரு கரி வளையம் படியும். அதைத் துடைக்காமல் கசுல் போட்டால் உள்ளே போக அடம்பிடிக்கும்.

✱

கேரியர், கேட் எல்லாம் சரி செய்யக்கூடியவை. ட்விஸ்ட்டை, அதாவது குழலுக்குள் உள்ள சுருள் பள்ளம் எத்தனை அங்குலத்தில் ஒரு சுற்று சுற்றுகிறது என்பதை, யாருமே சொல்லவில்லையே! ஜேஎம் முத்திரை இருந்தால் கண்ணை மூடி வாங்கலாம் என்று சிலர் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். அந்தப் பழைய .44-களில் 38 அங்குலத்துக்கு ஒரு சுற்றுதான். 240 கிரெய்ன் (குண்டின் எடை அளவு) குண்டு நேராகப் போகும், 300 கிரெய்ன் போட்டால் தாள் இலக்கில் சாவித்துவாரம் போல நீள ஓட்டை விழக்கூடும். 2020-ல் ரூகர் மார்லினை வாங்கியபின் மேயோடன் ஊர் ஆலையில் செய்யும் .44-களில் 20 அங்குலத்துக்கு ஒரு சுற்று.

கடையிலேயே அளக்கலாம். கிளீனிங் ராடில் இறுக்கமாகத் துணி சுற்றி, குழல் முனையிலிருந்து விட்டு, ராடில் ஒரு கோடு போடுங்கள். அது கால் சுற்று திரும்பும் வரை தள்ளுங்கள். 9.5 அங்குலம் உள்ளே போனால் 38, வெறும் 5 அங்குலம் என்றால் 20. கைப்பிடி தானாகச் சுழலும் ராடாக இருக்கவேண்டும், இல்லையென்றால் துணி வழுக்கி அளவு பொய்யாகும்.

சொந்தமாகத் தோட்டா கட்டுபவர்களுக்கும் ஒன்று. ரிவால்வரில் ஓடியது கார்பைனிலும் ஓடும் என்று நம்பாதீர்கள். மொத்த நீளம் 1.610 அங்குலத்தைத் தாண்டினால் கேரியரில் ஏறாது. டியூபுக்குள் ஒரு குண்டின் மூக்கு அடுத்த தோட்டாவின் பிரைமரில் (அடியில் அடிபட்டால் தீப்பிடிக்கும் பகுதி) முட்டி நிற்கிறது, ஆகவே தட்டை மூக்கு கட்டாயம். கிரிம்ப் (கேஸின் வாயைக் குண்டின்மேல் மடித்து இறுக்குவது) அழுத்தமாக இருக்கவேண்டும், இல்லையென்றால் ஸ்பிரிங்கும் பின்னுதைப்பும் சேர்ந்து குண்டைக் கேஸுக்குள் அமுக்கிவிடும், அழுத்தம் எகிறும். வார்த்த ஈயக் குண்டு என்றால் முதலில் குழலின் உள்விட்டத்தை அளந்துவிட்டு குண்டின் அளவை முடிவு செய்யுங்கள். மார்லின் குழலின் மைக்ரோ குரூவ் சுருள் பள்ளங்கள் ஆழமில்லாதவை, மெலிந்த ஈயம் பிடிக்காமல் வழுக்கும்.

✱

ஒஹாயோவில் 2014-லிருந்து நேர்ச்சுவர்க் கேஸ் (.44 மேக்னம் போலக் கழுத்து குறுகாத உறை) ரைஃபிள்களை மான் வேட்டைக்கு அனுமதித்துவிட்டார்கள். பழைய .44 கார்பைன் அங்கே ரேக்கில் ரொம்ப நாள் தங்காது.

✱

முதலில் எழுதியவன்தான். போன் செய்து கேட்டேன், இன்னும் இருக்கிறதாம். சனிக்கிழமை ராடு, துணி, டார்ச் மூன்றும் எடுத்துப் போகிறேன். லீவரின் மூக்கை அன்று பார்க்கவில்லை.