லீவு விட்டாச்சு: மதியச் சாப்பாட்டுக்கும் சாயங்காலப் பண்டத்துக்கும் வழி சொல்லுங்கள்

வில்லாபுரம் மருமகள்

எல்லோருக்கும் வணக்கம். பள்ளிக்கூடம் லீவு விட்டதிலிருந்து என் வீட்டு அடுப்படியில்தான் எனக்குப் பரீட்சை நடக்கிறது. ஜவுளிக்கடையில் வேலை, எட்டரைக்குக் கிளம்பினால் வீடு திரும்ப இரவு ஏழு மணி ஆகிவிடும், சித்திரைத் திருவிழா நேரத்தில் அதற்கும் மேலே. வீட்டுக்காரர் லோடு வண்டி ஓட்டுகிறார், அவர் எப்போது வருவார் என்று அவருக்கே தெரியாது. மாமியார் வீட்டில் இருக்கிறார், ஆனால் முழங்கால் வலி. ஆக்கி வைத்ததைப் போட்டுக் கொடுப்பார், அடுப்பு முன்னால் நின்று தோசை சுடச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

மூத்தவளுக்குப் பத்து வயது, சின்னவனுக்கு ஆறு. திருவிழாவுக்கு மானாமதுரையிலிருந்து வந்த நாத்தனார் பிள்ளைகள் இரண்டு பேரும் பள்ளி திறக்கும் வரை இங்கேதான். ஆக நாலு வாய்.

காலை ஏழு மணிக்கு ஆக்குகிற சாப்பாடு மதியம் ஒன்றரை வரைக்கும் நிற்க வேண்டும். சாம்பார் சாதம் பிசைந்து வைத்தால் சாப்பிடுகிற நேரத்துக்கு ஒரு வாடை வந்துவிடுகிறது. ஃபிரிட்ஜில் வைத்தால் சில்லென்று இருக்கிறது, எனக்கு வேண்டாம் என்று நாலும் ஓடுகிறது. அதைவிடப் பெரிய தலைவலி சாயங்காலம் நாலு மணி. பத்து ரூபாய் பாக்கெட்டாக வாங்கித் தின்று கடைக்காரர் கணக்கு ஏறிக்கொண்டே போகிறது. இல்லையென்றால் நூடுல்ஸ் கிண்டிக் கொடு என்று அப்பத்தாவைப் பிடுங்குகிறார்கள். பிள்ளைகள் தனியாக அடுப்பைத் தொடக்கூடாது என்பது வீட்டில் சட்டம்.

பாதாம், பிஸ்தா, ஓட்ஸ் என்று பட்டியல் போடாமல் நம் வீடுகளில் நடக்கிற காரியமாகச் சொல்லுங்கள்.

ஆனையூர் அக்கா

தங்கச்சி, முதலில் அந்த சாம்பார் சாதத்தை விடு. இந்த வெயிலில் பருப்பும் காயும் போட்டுப் பிசைந்து, சூட்டோடு மூடி வைத்தால் ஆவி வேர்த்து உள்ளேயே சொட்டும், கெடாமல் என்ன செய்யும்? அதிலும் சோற்றில் ஒரு சங்கதி இருக்கிறது. அரிசியில் இருக்கிற ஒரு கிருமியின் விதை கொதிக்க வைத்தாலும் சாகாது, வெதுவெதுப்பாகவே மணிக்கணக்கில் கிடந்தால் அது முளைத்துப் பெருகி நஞ்சை விட்டுவிடும், அப்புறம் எத்தனை தடவை சூடு பண்ணினாலும் அந்த நஞ்சு போகாது. வாந்தி எடுக்க வைப்பது அதுதான். புளிப்பு இருக்கிற சோற்றில் அது அவ்வளவு சீக்கிரம் வளராது. நம் ஆட்கள் கட்டுச்சோறு என்றாலே புளியோதரை கட்டினதற்குக் காரணம் ருசி மட்டும் இல்லை.

அதனால் காலையில் ஆக்கி மதியம் சாப்பிடுவது என்றால் புளி, எலுமிச்சை, தயிர் மூன்றோடு நிறுத்திக்கொள். ஞாயிற்றுக்கிழமை புளிக்காய்ச்சல் போட்டு வை. நல்லெண்ணெய் தாராளமாக ஊற்றி, எண்ணெய் பிரிந்து மேலே மிதக்கும் வரை சுண்ட விட வேண்டும், அந்த எண்ணெய்தான் அதற்குக் காவல். பிள்ளைகளுக்கு வற்றலைக் குறைத்து நிலக்கடலையை அதிகம் போடு. சோற்றை அகலத் தட்டில் கொட்டி ஆற வைத்த பிறகு பிசை. எலுமிச்சைச் சாதத்துக்கும் அதே கதைதான், அடுப்பை அணைத்த பிறகு சாற்றைப் பிழி, கொதிக்கிற தாளிப்பில் ஊற்றினால் கசந்துவிடும்.

தயிர்சாதத்துக்கு என் கணக்கு வேறு. ஒரு தம்ளர் அரிசியைக் குழைய வேக வைத்து, சூட்டிலேயே மத்தால் மசித்து, காய்ச்சிய பால் ஒரு தம்ளருக்கு மேலே ஊற்றிக் கிளற வேண்டும். கை பொறுக்கிற சூட்டுக்கு வந்ததும் இரண்டு கரண்டி தயிர், அவ்வளவுதான். காலையில் பார்த்தால் பால்சோறு மாதிரி தளதளவென்று இருக்கும். மதியம் அதுவே உறைந்து, புளிக்காத தயிர்சாதமாக நிற்கும். முழுக்கத் தயிரையே ஊற்றிப் பிசைந்தால் பதினொரு மணிக்கே பல் கூசும். உப்பும் தாளிப்பும் காலையிலேயே போடலாம், மாதுளை முத்தும் மாங்காய்த் துருவலும் சாப்பிடும்போது போட்டால் போதும்.

வெஞ்சனத்துக்குத் தேங்காய் சேர்க்காதே, தேங்காய் பட்டது எதுவும் நம் ஊர் சித்திரை வெயிலில் மதியம் தாங்காது. உருளைக்கிழங்கு வறுவல், கூழ்வடகம், அப்பளம் இவையே போதும். வடகம், அப்பளத்தைப் பொரித்து ஆறவிட்டு டப்பாவில் இறுக மூடி வை, நமுக்காது.

டி.கல்லுப்பட்டிக்காரி

அக்கா மதியத்தை முடித்துவிட்டார், நான் சாயங்காலத்துக்கு வருகிறேன். பாக்கெட்டை நிறுத்த வேண்டும் என்றால் டப்பாவில் எப்போதும் ஏதாவது இருக்க வேண்டும், அவ்வளவுதான் விஷயம். பசி வருகிற நேரத்தில் செய்து தருகிறேன் என்றால் எந்தப் பிள்ளை காத்திருக்கும்?

மாவுருண்டை செய்து வையுங்கள். பொரிகடலை கால் கிலோ, சீனி அதைவிடக் கொஞ்சம் குறைவு, ஏலக்காய் நாலு, இதைத் தனித்தனியாக மிக்சியில் நைசாகப் பொடித்துச் சலித்து, நெய்யை உருக்கிச் சூடாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிப் பிடிக்க வேண்டும். நெய் ஆறிவிட்டால் உருண்டை உதிரும், அப்போது இன்னொரு கரண்டி உருக்கி விட்டால் சரியாகிவிடும். மாவைக் கலந்து வைத்துவிட்டால் உருட்டுகிற வேலையைப் பிள்ளைகளே செய்வார்கள், பாதி வாய்க்குள் போகும், போகட்டும். நெய் கட்டுப்படியாகாது என்றால் நிலக்கடலையை வறுத்துத் தோல் புடைத்து மண்டவெல்லத்தோடு மிக்சியில் இரண்டு சுற்று விட்டால் போதும், கடலையில் இருக்கிற எண்ணெயே பிடிக்க வைத்துவிடும். இதற்கு நெய்யும் வேண்டாம், பாகும் வேண்டாம்.

எங்கள் பக்கம் குதிரைவாலி விளைகிறது, மதுரையில் கிலோ கணக்கில் காசு கொடுத்து வாங்குவதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புதான் வரும், ஆனால் அதைப் பிள்ளைகளிடம் சத்து, சத்து என்று சொல்லித் திணிக்காதீர்கள். பொங்கலாக வைத்தால் தெரியாமல் உள்ளே போய்விடும். கம்பு மாவு அரைத்தால் மட்டும் கொஞ்சமாக அரைத்துக்கொள்ளுங்கள், கம்பில் எண்ணெய்ப் பசை அதிகம், சீக்கிரம் கசந்து காறல் வாடை அடிக்கும்.

அடுப்பே இல்லாத பண்டம் வேண்டும் என்றால் அவல். கெட்டி அவலைத் தண்ணீரில் அலசி, தண்ணீரை வடித்துவிட்டுப் பத்து நிமிடம் மூடி வைத்தால் விரலால் நசுக்கினதும் மசியும். அப்போது தேங்காய்ப்பூ, நாட்டுச்சர்க்கரை, ஏலப்பொடி போட்டுக் கிளறினால் முடிந்தது. பத்து வயதுப் பிள்ளை தாராளமாகச் செய்யும். தேங்காயை மட்டும் காலையிலேயே துருவி ஃபிரிட்ஜில் வைத்துவிட்டுப் போங்கள்.

சிம்மக்கல் அப்பா

நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன். எதற்காகக் காலையிலேயே ஆக்க வேண்டும்? எலெக்ட்ரிக் ரைஸ் குக்கர் ஒன்று இருந்தால் மதியம் சுடச்சுடச் சாப்பாடு. என் மனைவியும் வேலைக்குப் போகிறவள்தான், எங்கள் வீட்டில் நடப்பதைச் சொல்கிறேன். முதல் நாள் இரவே அரிசி ஒரு தம்ளர், பாசிப்பருப்பு அரைத் தம்ளர் ஒரு டப்பாவிலும், மிளகு, சீரகம், மஞ்சள்தூள் இன்னொரு சின்ன டப்பாவிலும் அளந்து வைத்துவிடுவாள். நறுக்கிய கேரட், பீன்ஸ் தனி டப்பாவில் ஃபிரிட்ஜில். பன்னிரண்டரை மணிக்குப் பெரியவன் அரிசியையும் பருப்பையும் கழுவி, மிளகு சீரகத்தோடும் காயோடும் போட்டு, ஐந்து தம்ளர் தண்ணீர் ஊற்றி, உப்புப் போடுவான், எங்கள் அம்மா சுவிட்சைப் போடுவார். தண்ணீரோடு பாதிப் பாத்திரத்துக்கு மேல் போகாமல் பார்த்துக்கொண்டால் பொங்கி வழியாது. கடைசியில் ஒரு கரண்டி நெய். மறந்தும் அரிசியைத் தண்ணீரில் போட்டுக் காலையிலிருந்தே குக்கரில் வைத்துவிட்டுப் போகாதீர்கள், இந்தச் சூட்டில் நுரைத்துவிடும்.

இன்னொன்று யாரும் சொல்லவில்லை. என் பையன்கள் மாநகராட்சிப் பள்ளி. காலைச் சிற்றுண்டித் திட்டத்தை 2022 செப்டம்பரில் முதலமைச்சர் தொடங்கி வைத்ததே எங்கள் சிம்மக்கல் பள்ளியில்தான், அதிலிருந்து சின்னவனுக்குப் பள்ளியிலேயே உப்புமா, கிச்சடி, பொங்கல், மதியம் சத்துணவு, முட்டை. லீவு விட்டால் இரண்டு வேளைச் சாப்பாடும் ஒரேயடியாக வீட்டின் மேல் விழுகிறது, அதுதான் இந்த மலைப்பு. வீட்டில் ரவா கிச்சடி என்றால் முகத்தைச் சுளிக்கிற பயல் அங்கே தட்டை வழித்துச் சாப்பிடுகிறான். மணி அடித்தால் எல்லோரும் வரிசையாக உட்காருவதுதான் காரணம் என்று நினைக்கிறேன். நாலு பிள்ளைகள் இருக்கிற வீடு என்றால் உங்களுக்கு வசதி, ஒரே நேரத்தில் தரையில் உட்கார வைத்துப் போடச் சொல்லுங்கள், ஒருத்தனைப் பார்த்து ஒருத்தன் சாப்பிடுவான்.

அப்புறம் வாரத்தில் ஒரு சாயங்காலம் வெளியே வாங்கிக் கொடுத்தால் குடி முழுகிவிடாது. பாக்கெட்டுக்குப் பதில் நம் ஊர்த் தெருவில் கிடைப்பதை வாங்குங்கள். கண் முன்னால் எண்ணெயில் உப்பி வருகிற முள்ளுமுருங்கை அடை, மேலே பொடி தூவித் தருவார்கள். பருத்திப்பாலும் வாங்கிக் கொடுக்கலாம். பருத்திப்பாலை வீட்டில் செய்கிறேன் என்று மட்டும் இறங்காதீர்கள், விதையை ஊற வைத்து ஆட்டிப் பிழிந்து வடிகட்டி, அரிசி மாவும் கருப்பட்டியும் சுக்கும் சேர்த்துக் கிண்டி முடிப்பதற்குள் லீவு முடிந்துவிடும்.

சோழவந்தான் தோப்பு

ஒரே ஒரு எச்சரிக்கை. ஆறு வயதுப் பையனுக்குச் சரி, வந்திருக்கிற பிள்ளைகளில் ஐந்து வயதுக்குக் கீழே யாராவது இருந்தால் முழுக் கடலை, முழுத் திராட்சை கொடுக்காதீர்கள், புரையேறினால் மூச்சுக்குழலில் போய் அடைக்கும். கடலையைப் பொடித்தும் திராட்சையை நீளவாக்கில் வெட்டியும் கொடுங்கள். ஓடிக்கொண்டே தின்பதையும் விடாதீர்கள்.

நுங்கு வர ஆரம்பித்துவிட்டது, வெட்டின அன்றே தின்றுவிட வேண்டும், மறுநாளைக்கு வைத்தால் புளிக்கும். நுங்கு எடுத்த காயின் வெறுங்கூட்டை, கூந்தல் என்போமே, அதைத் தூக்கிப் போடாமல் இரண்டைக் குச்சியில் கோத்துக் கொடுத்தால் பண்டத்துக்குப் பண்டம், வண்டிக்கு வண்டி.

வில்லாபுரம் மருமகள்

எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு பேர் எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. ரைஸ் குக்கர் கல்யாணத்தில் வந்தது பரண் மேல் கிடக்கிறது அண்ணே, இன்றைக்கே இறக்குகிறேன். பால் ஊற்றின தயிர்சாதத்தையும் நாளைக்குப் பார்த்துவிடுகிறேன் அக்கா.

வந்திருப்பவர்களுக்கு ஏழும் எட்டும், அதனால் கடலைக்குப் பயமில்லை. இரண்டு சந்தேகம். அவித்த முட்டையைக் காலையிலேயே செய்து வைக்கலாமா? அப்புறம் இந்த நூடுல்ஸை எப்படித்தான் நிறுத்துவது? மூத்தவள் ஜிகர்தண்டா வேண்டும் என்று வேறு கேட்டுக்கொண்டே இருக்கிறாள், வீட்டில் முடியுமா?

ஆனையூர் அக்கா

முட்டையை அவித்து, ஆறினதும் ஓட்டோடு ஃபிரிட்ஜில் வை, உரிக்காதே. சாப்பிட உட்காரும்போது பிள்ளைகள் உரித்து மிளகுப்பொடி தூவிக்கொள்ளட்டும். வெளியில் மேசை மேல் விட்டுவிட்டுப் போகாதே.

நூடுல்ஸை நிறுத்தாதே, நிறுத்தினால் வீம்புக்கே கேட்பார்கள். ஞாயிற்றுக்கிழமை நீ வீட்டில் இருக்கும்போது என்று நாள் குறித்துவிடு, அன்றைக்கு முட்டைக்கோஸும் முட்டையும் போட்டு நீயே கிண்டிக் கொடு, மசாலா பாக்கெட்டில் பாதி போதும். மற்ற நாளில் பொரியைப் பிசைந்து கொள்ளட்டும். பொரி, வெங்காயம், கிளிமூக்கு மாங்காய், கேரட் துருவல், ஒரு கை காராச்சேவு, மேலே இரண்டு சொட்டுத் தேங்காயெண்ணெய். பிசைந்த உடனே தின்ன வேண்டும், இல்லையென்றால் சவசவத்துவிடும். பொரியும் பொரிகடலையும் கீழமாசி வீதியில் மொத்தமாக வாங்கிக்கொள், தெருக்கடையில் வாங்குவதைவிடக் குறையும்.

ஜிகர்தண்டா தாராளமாக முடியும். பாதாம் பிசின் இரண்டு ஸ்பூன் முதல் நாள் இரவு நிறையத் தண்ணீரில் ஊறப்போடு, கொஞ்சம்தானே என்று சின்னக் கிண்ணத்தில் போட்டால் பொங்கி வெளியே வந்துவிடும். காலையில் தூசி, பட்டை இருந்தால் பொறுக்கிவிட்டு அலசு. ஒரு லிட்டர் பாலை இரவே பாதியாகச் சுண்டக் காய்ச்சிச் சீனி போட்டுக் குளிர வைத்துவிடு. சாயங்காலம் தம்ளரில் பிசின், அதன் மேல் நன்னாரி சர்பத் ஒரு ஸ்பூன், பால், கடைசியில் ஐஸ்கிரீம். அடுப்பு வேலை உன்னுடையது, ஊற்றுகிற வேலை அவளுடையது.

டி.கல்லுப்பட்டிக்காரி

ஐஸ்கிரீம் வாங்காவிட்டாலும் பரவாயில்லை, சுண்டின பாலிலேயே ஒரு கிண்ணம் எடுத்து ஃப்ரீசரில் வைத்துச் சுரண்டிப் போடுங்கள், எங்கள் வீட்டில் அதற்குத்தான் சண்டை. பிசினை மட்டும் ஊறாமல் போட்டுவிடாதீர்கள், பாலுக்குள் ஊறிக்கொள்ளும் என்று விட்டால் கல்லு கல்லாகக் கிடக்கும்.

வில்லாபுரம் மருமகள்

சரி அக்கா. பிசின் எங்கே நல்லதாகக் கிடைக்கும்? இங்கே மளிகைக்கடையில் கேட்டால் உடைந்த தூளாகத்தான் இருக்கிறது.

சிம்மக்கல் அப்பா

நாட்டு மருந்துக் கடையில் கேளுங்கள். கட்டியாகத் தேன் நிறத்தில் இருப்பதாகப் பார்த்து நூறு கிராம் வாங்கினால் இந்த லீவுக்கு மிச்சம் ஆகும். வாங்கும்போது நன்னாரி வேரும் கொஞ்சம் வாங்கிக்கொள்ளுங்கள், பானைத் தண்ணீரில் போட்டு வைத்தால் பிள்ளைகள் ஐஸ்வாட்டர் கேட்க மாட்டார்கள்.