நிடேரியாவுக்குக் குழியுடலி பொருந்துமா? ‘சொறிச்சிமிழி’ என்னும் சொல்லை முன்மொழிந்து

அனைவருக்கும் வணக்கம்.

சொறிமீன் (ஜெல்லிமீன்), கடற்சாமந்தி, பவளம், ஹைட்ரா ஆகியவை அடங்கிய நிடேரியா தொகுதிக்குக் ‘குழியுடலி’ என்னும் பழைய பெயரே போதும் என்று ஒரு சாராரும், ‘கொட்டுயிரி’ என மாற்றலாம் என்று மற்றொரு சாராரும் கருதுகிறீர்கள். இரண்டையும் நெடுநேரம் எண்ணிப் பார்த்தேன். இரண்டிலும் எனக்கு நிறைவில்லை. காரணங்களைச் சொல்லிய பின் என் பரிந்துரையை வைக்கிறேன்.

குழியுடலி என்பது நிடேரியாவின் மொழிபெயர்ப்பு அன்று. சீலண்டரேட்டா (கிரேக்கத்தில் ‘குழிந்த குடல்’) என்னும் பழைய தொகுதிப் பெயரின் மொழிபெயர்ப்பு. 1847-இல் லூக்கார்ட் என்ற செருமானிய விலங்கியலாளர், அதுவரை நட்சத்திர மீன்களோடு ஒரே கூட்டத்தில் வைக்கப்பட்டிருந்த சொறிமீன் முதலியவற்றைப் பிரித்தெடுத்து அந்தப் பெயரின் கீழ் வைத்தார். 1888-இல் ஹாட்செக் அத்தொகுதியையே கடற்பஞ்சுகள், நிடேரியா, டீனோபோரா (சீப்பு வரிசைகளால் நீந்தும் கடலுயிரிகள்) என மூன்றாகப் பிரித்தார். பழைய பெயரை இன்று நிடேரியாவுக்கு மட்டும் உரியதாக்கினால், கூட்டுக் குடும்பத்தின் பெயரைப் பாகம் பிரிந்த ஒருவருக்கு மட்டும் எழுதிக் கொடுத்ததுபோல் ஆகிவிடும்.

இதனினும் பெரிய இடர் ஒன்று தமிழுக்கே உரியது. சீலோம் என்பதற்கு நம் பாடநூல்கள் ‘உடற்குழி’ என்று எழுதுகின்றன. குடலுக்கும் உடற்சுவருக்கும் இடையே, நடுப்படை என்னும் திசு அடுக்கால் சூழப்பட்டு அமையும் வெளி அது. நிடேரியாவுக்கோ உள்ளும் புறமும் இரண்டே படைகள், இடையில் இழுது போன்ற பொருள் நிரம்பியிருக்கும், உடற்குழி கிடையாது. ஆகவே ‘குழியுடலிகளுக்கு உடற்குழி இல்லை’ என்ற வாக்கியத்தை ஒரு மாணவர் மனப்பாடம் செய்ய நேர்கிறது. அவர் குழம்புவதில் வியப்பில்லை. பிழை நம் சொல்லில் இருக்கிறது. கிரேக்க மூலத்தில் உள்ள ‘குடல்’ என்னும் உறுப்பைத் தமிழாக்கத்தில் விட்டுவிட்டோம். குழிக்குடலி என்று அன்றே ஆக்கியிருந்தால் இந்த முரண் எழுந்திராது. கடற்பஞ்சுகளுக்கு வழங்கும் ‘துளையுடலி’ வேறு பக்கத்திலேயே நிற்பதால், துளைக்கும் குழிக்கும் வேறுபாடு தேடும் சுமையும் மாணவர்மேல் ஏறுகிறது.

குழி என்ற அடையாளம் எல்லா உறுப்பினருக்கும் பொருந்துவதும் இல்லை. மீன்களின் உடலில் ஒட்டுண்ணியாக வாழும் மிக்சோசோவா என்னும் நுண்ணுயிர்கள் ஒருகாலத்தில் ஒருசெல் உயிரிகளாகக் கருதப்பட்டன. அவை மிகவும் சுருங்கிப்போன நிடேரியாக்களே என்பது இப்போது தெளிவாகியிருக்கிறது. அவற்றின் வித்துகளில் வாயும் இல்லை, குடலும் இல்லை. ஆனால் சுருட்டிய நூலைத் தாங்கிய நுண்ணிய உறை அவற்றிலும் உண்டு. உடல் முழுவதையும் இழந்தும் இதை மட்டும் இழக்காமல் வைத்திருக்கின்றன என்றால், அதுவே இத்தொகுதியின் தனி முத்திரை என்று கொள்வதில் தடையில்லை.

அந்த உறுப்பைச் சற்று நிதானித்துப் பார்க்க வேண்டுகிறேன், ஏனெனில் சொல்லும் அதிலிருந்தே பிறக்கிறது. ஒரு தனிச் செல்லுக்குள் ஒரு கூடு. கூட்டின் வாயில் மூடி. உள்ளே சுருண்டு கிடக்கும் குழல் போன்ற நூல், பலவற்றில் நஞ்சுடன். செல்லின் வெளிப்புறத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் தூண்டுமயிரில் இரை உரசியதும் மூடி திறந்து, நூல் உள்புறம் வெளிப்புறமாகப் புரண்டு பாய்கிறது. ஹைட்ராவின் ஒருவகைக் கூட்டில் இப்பாய்ச்சலின் முதற்கட்டம் 700 நானோநொடிக்குள் நிகழ்வதாக அளந்திருக்கிறார்கள். கூட்டுக்குள் முன்பே இருக்கும் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப்போல் ஏறத்தாழ 150 மடங்கு. ஒருமுறை வெடித்த கூடு மறுமுறை பயன்படாது. உயிரி புதிதாகச் செய்துகொள்ள வேண்டும். விலங்குலகில் ஒரு செல் தனக்குள் கட்டியெழுப்பும் அமைப்புகளுள் இதைவிட நுட்பமானது ஒன்று இருப்பதாக நான் எண்ணவில்லை.

இதற்குச் ‘சிமிழ்’ என்னும் சொல் அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்துகிறது. சிறியது, மூடியுள்ளது, உள்ளே ஒன்றைப் பொதிந்து வைப்பது என்ற மூன்று குறிப்புகளும் அச்சொல்லில் இயல்பாகவே அமைந்துள்ளன. ‘பை’ என்றால் மூடி விடுபட்டுப்போகும்; ‘உறை’ என்றால் உள்ளே இருப்பது விடுபட்டுப்போகும்.

‘சொறி’ என்னும் முன்னொட்டைப் பற்றித் தயங்குவீர்கள் என அறிவேன். தோல்நோயின் பெயராயிற்றே என்ற கூச்சம் எனக்கும் முதலில் இருந்தது. ஆனால் கடலோடு புழங்குவோர் ஜெல்லிமீனைச் சொறி, சொறிமுட்டை, சொறிமீன் என்றே அழைக்கின்றனர். உடலில் பட்டால் அரிக்கவைக்கும் செடிக்குக் காஞ்சொறி என்று பெயர். நிடேரியா என்பதன் வேர்ச்சொல்லும் கிரேக்கத்தில் அத்தகைய அரிக்கும் செடியையே குறிக்கிறது. கடலில் கண்ட உயிரியையும் நிலத்தில் கண்ட செடியையும் ஒரே துன்பத்தால் இனங்கண்டு, இரு மொழியினர் தனித்தனியே ஒரே வழியில் பெயரிட்டிருக்கிறார்கள். இதைத் தள்ளிவிட்டு வேறொன்றைத் தேடுவது கைப்பொருளை எறிந்துவிட்டுக் கடன் கேட்பதற்கு ஒப்பாகும்.

இனி, கொட்டுயிரி ஏன் கூடாது? தேளும் குளவியும் கொட்டுகின்றன. கடலிலேயே கூம்பு நத்தை நஞ்சூட்டிய பல்லை ஈட்டிபோல் எறிகிறது, அது மெல்லுடலி. கொட்டுதல் என்ற செயல் பலருக்கும் பொது; சிமிழைத் தானே செய்துகொள்வது இவற்றுக்கு மட்டும் உரியது. ‘தானே’ என்பதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. கடல் நத்தையினத்தில் ஓடில்லாத சில வகைகள் கடற்சாமந்தி போன்றவற்றை மேய்ந்து, வெடிக்காத சிமிழ்களைத் தம் முதுகு நீட்சிகளில் சேர்த்து வைத்துப் பகைவரிடமிருந்து தற்காத்துக்கொள்கின்றன. அவை கொட்டும், ஆயினும் நிடேரியா அல்ல. இதே காரணத்தால் ‘சொறியுயிரி’ என்ற எளிய வடிவத்தையும் நான் பரிந்துரைக்கவில்லை; அதுவும் செயலைத்தான் சொல்கிறது, கருவியைச் சொல்லவில்லை.

மெல்+உடல்+இ மெல்லுடலி, முள்+தோல்+இ முட்தோலி, கணு+கால்+இ கணுக்காலி என்று அடையும் உறுப்பும் இகர ஈறும் கூடித் தொகுதிப் பெயராவது நாம் பழகிய முறை. அவ்வழியே சொறி+சிமிழ்+இ சொறிச்சிமிழி ஆகிறது. சிமிழைத் தாங்கும் செல்லைச் சொறியணு எனலாம்; குருதியணு, வெள்ளையணு வழங்கும் மொழியில் இது அயலாக ஒலிக்காது. சிமிழ் என்பதைப் பொதுப்பெயராக நிறுத்தினால் வகைகளும் தாமே அமைகின்றன: நஞ்சு பாய்ச்சுவது சொறிச்சிமிழ், சில கடற்சாமந்திகளிலும் பவளங்களிலும் காணப்படும் இரையைப் பற்றும் ஒட்டுநூல் உடையது ஒட்டுச்சிமிழ், குழாய்ச்சாமந்திகள் தம் குழாயை நெய்துகொள்ளப் பயன்படுத்தும் மடிப்புநூல் உடையது மடிச்சிமிழ். கொட்டுயிரி என்று தொடங்கியிருந்தால், கொட்டாத பின்னிரண்டுக்கும் பெயரிடும்போது இடறியிருப்போம்.

நிடேரியாவோடு ஒரே தொகுதியில் வைக்கப்பட்டிருந்த டீனோபோராவுக்கு ‘எண்சீப்பி’ என்கிறேன். சீப்புப் பற்கள்போல் இணைந்த நுண்மயிர்த் தட்டுகள் எட்டு வரிசைகளாக ஓடி அவற்றை நீந்தச் செய்கின்றன. அவ்வரிசைகளில் தோன்றும் வானவில் நிறம் உயிரியின் சொந்த ஒளியன்று, தட்டுகள் அசையும்போது ஒளி சிதறுவதால் உண்டாவது. தரையில் ஊர்ந்து வாழும் சில வகைகள் முதிர்ந்தபின் சீப்புகளை இழந்துவிடுகின்றனவே என்று கேட்கலாம். இளமையில் அவற்றுக்கும் சீப்பு உண்டு. எனவே பெயர் பொய்யாகவில்லை. மேலும் எண்சீப்பிகள் சிமிழ் செய்வதில்லை. பெரும்பாலானவை வெடித்துப் பசையைக் கக்கும் வேறுவகைச் செல்லால் இரையைப் பிடிக்கின்றன. இரண்டையும் ஒன்றாக்கிய பழைய பிழையை, இரண்டு பெயர்களையும் அடுத்தடுத்துச் சொன்னாலே நீக்கிவிடலாம்.

எனக்கு இன்னும் தீராத இடம் ஒன்றே. அந்தப் பசைச் செல்லை ‘ஒட்டணு’ என்றால் ஒட்டுச்சிமிழோடு உறவுடையதாகத் தோன்றும். ‘பசையணு’ என்றால் அந்தக் குழப்பம் இல்லை, ஆனால் செடிகளின் பசையோடு தொடர்புபடுத்திவிடுவார்களோ என்ற ஐயம் இருக்கிறது. நான் பசையணுவின் பக்கமே சாய்கிறேன். தாவரவியல் கலைச்சொற்களில் பழகியவர்கள் அங்கு இச்சொல் வேறு பொருளில் வழங்குகிறதா என்று பார்த்துச் சொன்னால், சொறிச்சிமிழி, சொறியணு, எண்சீப்பி ஆகியவற்றோடு சேர்த்து ஒரே தொகுப்பாக முடிவுசெய்யலாம்.