தென்னாப்பிரிக்காவில் ‘லேட்’ என்றால்: நமக்கு நேர்ந்த அனுபவங்கள்

சாட்ஸ்வர்த், ஆசிரியை:

இங்கே வேலைக்கு வரும் நம் ஊர்க்காரர்களுக்கு முதலில் சொல்லிவைக்க வேண்டிய சொல் ‘லேட்’. ஊரில் பஸ் லேட், சம்பளம் லேட் என்று நாள் முழுக்கச் சொல்கிறோம். கல்யாணப் பத்திரிகையில் தாத்தா பெயருக்கு முன்னால் ‘லேட்’ என்று இருந்தால் அவர் இப்போது இல்லை என்று புரிந்துகொள்கிறோம். தென்னாப்பிரிக்காவில் அந்த இரண்டாவது பொருள் பெயருக்கு முன்னால் மட்டும் வருவதில்லை. ‘மை ஃபாதர் இஸ் லேட்’ என்று ஒருவர் சொன்னால் பெரும்பாலும் அப்பா இறந்துவிட்டார் என்றுதான் அர்த்தம். குறிப்பாக ஜூலு, சோத்தோ பேசும் குடும்பத்தார் மரியாதையாக இப்படித்தான் சொல்வார்கள்.

எங்கள் பள்ளியில் பெற்றோர் சந்திப்பு நடந்தது. ஒரு பையனின் படிவத்தில் அப்பா பெயர் எழுதும் கட்டத்தில் ‘லேட்’ என்ற ஒரு சொல் மட்டும் நீல மையில் இருந்தது. என் பக்கத்தில் இருந்தவர் மதுரையிலிருந்து புதிதாக வந்த ஆசிரியர். “பரவாயில்லை தம்பி, அப்பா வரட்டும், ஏழு மணி வரை இருப்போம்” என்று ஆங்கிலத்தில் அன்பாகத்தான் சொன்னார். பையன் வாய் திறக்காமல் பாட்டியைத் திரும்பிப் பார்த்தான். பாட்டி நிதானமாக, “ஹி இஸ் லேட் சின்ஸ் லாஸ்ட் இயர், டீச்சர்” என்றார். அந்த ‘சின்ஸ்’ காதில் விழுந்த பிறகுதான் அவருக்கு விஷயம் பிடிபட்டது. சட்டென்று எழுந்து பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டார். பாட்டிக்குக் கோபமே இல்லை. ஆனால் இன்னொரு பிள்ளைக்கு அந்த ஒரு நிமிஷம் வரக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். உங்களுக்கு நேர்ந்ததையும் சொல்லுங்கள்.

ஜோகன்னஸ்பர்க், மென்பொருள் வேலை:

எங்கள் அலுவலகத்தில் ஜூலு நண்பர் ஒருவர், வர நேரமாகும் என்றால் ‘ரன்னிங் லேட்’ என்றுதான் எழுதுவார். வெறும் ‘லேட்’ என்று தன்னைப் பற்றி எழுத அவருக்கு மனம் வராது. கேட்டபோது, “அந்தச் சொல்லை என் அம்மாவுக்குத்தான் வைத்திருக்கிறேன்” என்றார். அன்றிலிருந்து நானும் அப்படியே எழுதுகிறேன்.

அப்புறம், ‘ஜஸ்ட் நவ்’ வருகிறேன் என்றால் இந்த நொடியே வருவார் என்று வாசலில் நிற்காதீர்கள். கொஞ்ச நேரம் கழித்து என்று பொருள். அதைவிடச் சீக்கிரம் என்றால் ‘நவ் நவ்’.

ஃபீனிக்ஸ், ஓய்வுபெற்றவர்:

டீச்சரம்மா சொன்னது சரி. நான் இங்கேயே பிறந்து வளர்ந்தவன், ஜூலுக்காரர்களோடு ஆலையில் வேலை பார்த்தவன். அவர்களும் சாவை நேராகச் சொல்ல மாட்டார்கள். ‘உஷோனிலே’ என்பார்கள். ‘ஷோனா’ என்றால் சூரியன் மறைவது. நாமும் பெரியவர் ஒருவர் போய்விட்டால் காலமானார் என்றுதானே சொல்கிறோம்? ஆங்கிலத்தில் ‘லேட்’ முதலில் மெதுவானது என்ற பொருளில் இருந்த சொல். மறைந்தவரைக் குறிப்பது 15ஆம் நூற்றாண்டிலிருந்தே உண்டு. கடைசி என்று பொருள்படும் ‘லாஸ்ட்’ என்பதும் அதே சொல்லின் உச்சப் படிதான். அதனால் இங்கே உள்ளவர்கள் தப்பான ஆங்கிலம் பேசுகிறார்கள் என்று யாரும் நினைக்க வேண்டாம். பெயருக்கு முன்னால் நின்ற சொல்லை வாக்கியத்தின் முடிவுக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

இன்னொரு பொருளும் உண்டு. எங்கள் வீட்டுக் காகிதத்தில், பாட்டனாரின் அப்பா ‘லேட் 1800ஸ்’-இல் வந்தார் என்று இருக்கிறது. அங்கே லேட் என்றால் நூற்றாண்டின் பிற்பகுதி. மதராஸிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு முதல் கப்பலான ‘ட்ரூரோ’ டர்பன் வந்தது 1860 நவம்பர் 16. நடுவில் 1866 முதல் 1874 வரை ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக் கப்பல் வரவில்லை. மறுபடி தொடங்கி 1911 வரை நடந்தது. அதனால் எங்கள் ஆள் 1874க்குப் பிறகு வந்திருப்பார் என்று எடுத்துக்கொண்டு தேடுகிறேன். பேரப்பிள்ளைகளுக்குக் காட்ட ஒரு தேதி கிடைத்தால் போதும்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க், நர்ஸ்:

பிரசவப் பிரிவில் இந்தச் சொல் எனக்கு தினமும் வேலை கொடுக்கிறது. ஒரு பெண் ‘ஐ ஆம் லேட்’ என்றால் மாதவிலக்கு தள்ளிப்போயிருக்கலாம், அல்லது செக்கப்புக்கு நேரம் கழித்து வந்ததற்கு மன்னிப்புக் கேட்கிறாளாக இருக்கலாம். ‘பேபி இஸ் லேட்’ என்றால் குறித்த தேதி தாண்டியிருக்கலாம், முன்பு பிறந்த குழந்தை தங்காமல் போயிருக்கவும் செய்யலாம். இதை ஊகித்துவிட்டு நகரவே கூடாது. முந்தைய குழந்தை இறந்திருந்தால் இந்தக் கர்ப்பத்தைக் கவனிக்கும் விதமே மாறும்.

ஒரு நாள் சின்னப் பெண் ஒருத்தி அத்தையோடு வந்தாள். கேட்ட கேள்விக்கெல்லாம் ‘பேபி இஸ் லேட்’ என்ற ஒரே பதில். வாரக் கணக்குப் பார்த்தால் 38தான் ஆகிறது, தேதி தாண்டவில்லை. பேனாவைக் கீழே வைத்துவிட்டு, “எந்தக் குழந்தை, சிசி (சகோதரி)?” என்று கேட்டேன். வயிற்றில் கை வைத்து, “இது வரப்போகிறது. முதல் குழந்தைதான் லேட்” என்றாள். அத்தை ‘ஷேம்’ என்று சொல்லிக்கொண்டே அவள் முதுகைத் தடவினார். இங்கே அந்த ‘ஷேம்’ வெட்கக்கேடு இல்லை, ஐயோ பாவம் என்று பொருள். பிறந்த பிள்ளையைக் கொஞ்சும்போதும் அதே ‘ஷேம்’தான், குரல்தான் வேறு.

டாக்டரிடம் உடனே சொன்னேன். பழைய ஃபைலைத் தேடி எடுத்தார்கள்.

கேஸ் ஷீட்டில் நான் ‘லேட்’ என்று எழுதுவதே கிடையாது. இறப்பு என்றால் ‘டிசீஸ்ட்’, தேதி தாண்டினால் இத்தனை வாரம் இத்தனை நாள் என்று எண்ணிலேயே போட்டுவிடுகிறேன். ராத்திரி ட்யூட்டிக்கு வரும் புதுப் பெண்களுக்கும் இதைத்தான் சொல்லிக் கொடுக்கிறேன்.