வீசிங், மூக்கடைப்பு, இருமல், அலர்ஜி மருந்துகள்: நம் அனுபவங்கள்

மருந்தாளுநர், தஞ்சாவூர்

டாக்டர் இரண்டு இன்ஹேலர் எழுதியிருந்தும், "நீலத்தை மட்டும் கொடுங்கள், மற்றது எனக்குக் கேட்கவில்லை" என்று சொல்பவர்கள் எங்கள் கடைக்கு அடிக்கடி வருகிறார்கள். அவர்கள் அப்படி நினைப்பதற்குக் காரணம் இருக்கிறது. நீல இன்ஹேலரில் உள்ள சால்பியூட்டமால், மூச்சுக்குழலைச் சுற்றியிருக்கும் தசையின் பீட்டா-2 ஏற்பிகளை (மருந்து போய் ஒட்டி வேலை செய்யும் இடங்களை)த் தூண்டி இறுக்கத்தைத் தளர்த்துவதால், சுமார் 5 நிமிடங்களில் மூச்சு இலகுவாகி, 4 முதல் 6 மணி நேரம் அப்படியே இருக்கிறது. ஆனால் ஆஸ்துமாவில் தசை மட்டும் இறுகுவதில்லை. குழலின் உட்சுவரும் அழற்சியால் வீங்கிச் சளி கட்டிக் கிடக்கிறது. அந்த வீக்கத்தைக் குறைப்பது பியூடெசோனைடு போன்ற ஸ்டீராய்டு இன்ஹேலர்தான். அது செல்லின் உட்கருவரை சென்று, அழற்சியை உண்டாக்கும் புரதங்களின் உற்பத்தியையே அடக்குகிறது என்பதால், முழுப் பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும்.

நெல் அரவை மில்லில் வேலை பார்க்கும் அண்ணன் ஒருவர், 200 பஃப் கொண்ட நீல இன்ஹேலரை மாதம் முடிவதற்குள் தீர்த்துவிட்டு அடுத்ததைக் கேட்டு வந்தபோது, அவர் நீட்டிய ரூபாய் நோட்டு விரல்களுக்கிடையில் நடுங்குவதைக் கவனித்தேன். அந்த நடுக்கமும், அவர் சொன்ன படபடப்பும் அதே சால்பியூட்டமால் கைத் தசையிலும் இதயத்திலும் வேலை செய்வதால் வருபவை. ஸ்டீராய்டு என்ற பெயருக்குப் பயந்து மற்ற இன்ஹேலரைத் தொடாமலேயே வைத்திருந்தார். அவர் கேட்ட நீல இன்ஹேலரைக் கொடுத்ததோடு, அன்றே டாக்டரைப் பார்க்கும்படி வற்புறுத்தி அனுப்பினேன். பியூடெசோனைடும், மூச்சுக்குழலைத் தளர்த்தும் ஃபார்மோடெராலும் சேர்ந்த ஒரே இன்ஹேலராக அவருக்கு மாற்றிக் கொடுத்தார்கள். பெரியவர்களுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் சால்பியூட்டமாலை மட்டும் தனியாகக் கொடுக்கும் சிகிச்சையை இனிப் பரிந்துரைப்பதில்லை என்று ஆஸ்துமாவுக்கான உலகளாவிய வழிகாட்டுதல் அமைப்பான ஜீனா 2019-இல் சொன்னதற்குப் பின்னால் இருப்பது இந்த அண்ணனைப் போன்றவர்களின் நிலைமைதான்.

இன்ஹேலர் "பழகிவிடும்", "வீரியம் அதிகம்" என்ற பேச்சு எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. சால்பியூட்டமால் ஒரு பஃப்பில் 100 மைக்ரோகிராம் இருக்கிறது. 4 மில்லிகிராம் மாத்திரையில் இருப்பது அதைப்போல 40 மடங்கு, அதுவும் ரத்தத்தின் வழியாக உடம்பு முழுவதும் சுற்றிய பிறகே நுரையீரலைச் சேர்கிறது.

ஓர் அம்மா, திருநெல்வேலி

ஐயா எழுதியதோடு, மருந்தை உள்ளே இழுக்கும் முறையைப் பற்றியும் சொல்ல விரும்புகிறேன். என் மகனுக்கு முதலில் ஸ்பேசர் (மருந்துப் புகையைத் தேக்கி வைக்கும் பிளாஸ்டிக் குழாய்) பொருத்திய பஃப் இன்ஹேலர் கொடுத்தார்கள். அதில் மெதுவாகவும் ஆழமாகவும் இழுக்க வேண்டும். வளர்ந்த பிறகு கேப்ஸ்யூல் போட்டு இழுக்கும் ரோட்டாஹேலருக்கு மாற்றினார்கள். இதில் இழுக்கும் வேகத்தில்தான் பொடி பறக்கிறது என்பதால், வேகமாக இழுக்க வேண்டும். இரண்டிலும் இழுத்தபின் 10 விநாடி மூச்சைப் பிடித்து வைக்கச் சொன்னார்கள். ஒவ்வொரு முறையும் ரோட்டாஹேலரைத் திறந்து கேப்ஸ்யூலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன். உள்ளே வெள்ளைப் பொடி ஒட்டியிருந்தால் மீண்டும் ஒரு முறை இழுக்கச் சொல்வேன். ஸ்டீராய்டு மருந்து தொண்டையில் தங்கினால் வாயில் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை படியும் என்பதால், இழுத்து முடித்ததும் வாய் கொப்பளித்துத் துப்புவதை அவன் தானாகவே செய்கிறான்.

வாசகர், சென்னை

மூக்கடைப்புக்கு என் தம்பி சைலோமெட்டாசோலின் சொட்டு மருந்தை மாதக்கணக்கில் போட்டுவந்தான். மூக்கின் உட்புறத்தில் விரிந்து வீங்கியிருக்கும் ரத்த நாளங்களைச் சுருக்குவதால் சில நிமிடங்களில் அடைப்பு விடுகிறது. ஆனால் 3 முதல் 5 நாள்களுக்கு மேல் தொடர்ந்தால், மருந்தின் வேகம் தணிந்ததும் அந்த நாளங்கள் முன்பைவிட அதிகமாக விரிந்துகொள்கின்றன. தலையணைக்கு அடியில் அந்தச் சிறு புட்டி இல்லாமல் தம்பிக்குத் தூக்கமே வராது என்ற நிலை வந்துவிட்டது. காது மூக்கு தொண்டை மருத்துவர் அதை நிறுத்தி, ஃப்ளூட்டிகசோன் என்ற ஸ்டீராய்டு மூக்கு ஸ்பிரே கொடுத்தார். முதல் வாரம் மிகவும் சிரமப்பட்டான். அந்தச் சிரமத்தை முன்கூட்டியே சொல்லி வைத்த மருத்துவருக்கு நாங்கள் நன்றிக்கடன் பட்டிருக்கிறோம்.

அவனுடைய தும்மலுக்கும் மூக்கு ஒழுகலுக்கும் செட்டிரிசைன் நன்றாகக் கேட்டது. ஒவ்வாமையின்போது வெளிப்படும் ஹிஸ்டமின் போய் அமரும் இடத்தை அது முன்னதாகவே பிடித்துக்கொள்கிறது. பழைய குளோர்ஃபெனிரமினும் செய்வது அதேதான். ஆனால் அது மூளைக்குள்ளும் எளிதாக நுழைவதால் தூக்கம் அசத்துகிறது. வண்டி ஓட்டுபவர்கள் சளி மாத்திரை அட்டையில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

மருந்தாளுநர், தஞ்சாவூர்

சென்னை வாசகர் எழுதிய சளி மாத்திரைகள் பலவற்றில் ஃபினைலெஃப்ரினும் இருக்கும். விழுங்கும்போது குடலிலும் கல்லீரலிலுமே பெரும்பகுதி சிதைந்துவிடுவதால், அது மூக்கடைப்புக்குப் பயன்படவில்லை என்று அமெரிக்க மருந்துத் துறையின் ஆலோசனைக் குழு 2023 செப்டம்பரில் ஒருமனதாக முடிவு செய்தது. குளோர்ஃபெனிரமினும் ஃபினைலெஃப்ரினும் சேர்ந்த மருந்தை 4 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று நம் நாட்டிலும் 2023 டிசம்பரில் எச்சரிக்கை வந்தது. தாய்மார்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும்.

இருமல் மருந்து கேட்பவரிடம் வறட்டு இருமலா, சளி இருமலா என்று நான் கேட்பது வெறும் சம்பிரதாயம் அல்ல. டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபான் மூளைத் தண்டில் இருமலைத் தூண்டும் மையத்தை அடக்குகிறது. சளி நிறைந்த நெஞ்சுக்கு அதைக் கொடுத்தால், வெளியே வர வேண்டியது உள்ளேயே தங்கிவிடும். புரோம்ஹெக்சினும் அம்புராக்சாலும் சளியை இளக்கி வெளியேற்ற உதவுபவை. நம் பாட்டிமார் கஷாயம் வைத்த ஆடாதோடை இலையில் உள்ள வாசிசின் என்ற வேதிப்பொருளை அடிப்படையாகக் கொண்டுதான் புரோம்ஹெக்சின் உருவாக்கப்பட்டது.

இன்னொரு அனுபவத்தையும் சொல்லிவிடுகிறேன். பல ஆண்டுகளாக அடங்கியிருந்த வீசிங் திடீரென்று திரும்பிய பெரியவர் ஒருவரின் மருந்துப் பையில், கண் அழுத்தத்துக்கான டிமோலால் சொட்டு மருந்து இருந்தது. சால்பியூட்டமால் தூண்டும் அதே பீட்டா ஏற்பிகளை டிமோலால் தடுக்கிறது; கண்ணில் விட்டாலும் மூக்கின் வழியாக ரத்தத்தில் கலந்து நுரையீரலை எட்டும். தானாக நிறுத்தினால் பார்வைக்கே ஆபத்து என்பதால், அன்றே அவரை மகளுடன் கண் மருத்துவரிடம் அனுப்பினேன். அவர் வேறு வகைச் சொட்டு மருந்துக்கு மாற்றிய பிறகு இரைப்பு தணிந்ததாக மகள் வந்து சொன்னார்.